கதினா வெடிக்குப் பயப்படாத பிள்ளை

எங்கள் மகள் அலீனாவுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. பொழியூரில் மாதா கோயில் திருவிழாக் கொடியேற்று. கொடி மேலே ஏற ஏற கதினா வெடிப்பார்கள். இரும்புக் குற்றியில் மருந்தை இடித்து நிரப்பி, திரி வைத்துக் கொளுத்துகிற வெடி அது. ஒன்று வெடித்தால் பக்கத்து வீட்டு ஓடு அதிரும். சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் வீறிட்டு அழுதன. அலீனா மட்டும் அவள் அப்பாவின் தோளில் கிடந்து தூங்கினாள். இமைகூட அசையவில்லை.

என் கணவர் ஷாஜிக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்தில் தெரிந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

“பாத்தீரா ஓய்? எனக்க மோளு பேடிக்கல்ல. கடப்புறத்து ரெத்தமாக்கும்!”

பேடி என்றால் எங்கள் பக்கம் பயம். கடலுக்குப் போகிறவர்கள் பயப்படாத பிள்ளையைக் கொண்டாடுவார்கள். அன்று அவளைத் தொட்டுப் பார்க்காத ஆள் இல்லை. வள்ளத்தில் கூடப் போகிறவர் ஒருவர், “இவ பையனா இருந்தா அமரத்துல இருத்தலாம்” என்றார். அமரம் என்றால் வள்ளத்தைத் திருப்புகிறவர் இருக்கிற பின்பக்கம். பெண்ணாக இருந்தால் இருத்தக் கூடாதோ என்று நான் சண்டைக்குப் போனேன். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்வானேன்.

பிள்ளை இன்னும் பேசவில்லையே என்று நெஞ்சுக்குள் ஒரு முள்ளை வைத்துக்கொண்டு, வெளியே “அதெல்லாம் வரும்” என்று சிரித்துக்கொண்டிருக்கிற அம்மாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு யாராவது முன்னமே இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் கொஞ்சம் மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

என் பெயர் பெல்சி. நான் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், நீரோடியில். கடற்கரை வழியாக நடந்தாலே வந்துவிடலாம். ஆனாலும் அது தமிழ்நாடு, இது கேரளம். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது தமிழ், ஷாஜி படித்தது மலையாளம். வீட்டில் இரண்டும் புரண்டு கிடக்கும். மீன்விலை பேசுவது ஒரு பாஷை, ஜெபம் சொல்வது இன்னொரு பாஷை. எங்கள் ஊரில் யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை.

அலீனாவைப் பெற நான் தாய்வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவம். பிறந்த பிள்ளைக்குச் செவி கேட்கிறதா என்று ஒரு சோதனை உண்டு. “உங்க ஊருக்குப் போன பெறவு அங்கே பாத்துக்கிடுங்க” என்றார்கள். இங்கே வந்தால், பிரசவம் அங்கே நடந்தது, எல்லாம் அங்கேயே பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஊசி எல்லாம் தவறாமல் போட்டோம். அந்த ஒரு சோதனை மட்டும் எல்லைக்கோட்டில் எங்கோ விழுந்துவிட்டது.

பிள்ளை சரியான காலத்தில் கவிழ்ந்தாள், தவழ்ந்தாள், ஒரு வயது முடிவதற்குள் நடந்தாள். நடை வந்துவிட்டது என்றால் நம் ஆட்களுக்கு வேறொன்றும் வேண்டாம். ஒன்றரை வயதாகியும் அம்மா என்று ஒரு வார்த்தை இல்லை. கையைப் பிடித்து இழுப்பாள், வேண்டியதை விரலால் காட்டுவாள், முகத்தை உற்றுப் பார்த்துச் சிரிப்பாள். முன்பு ‘பபப’ என்று ஏதோ மிழற்றிக்கொண்டிருந்தாள். அதுவும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது.

பக்கத்து வீட்டில்தான் ரீத்தா மைனி இருக்கிறாள். ஷாஜிக்கு மூத்த அக்கா. மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள் என்பதால் பிள்ளை விஷயத்தில் அவள் சொன்னால் அப்பீல் கிடையாது. ஒருநாள் முற்றத்தில் மீன் அரிந்துகொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“எட்டி பெல்சி, நீ ஒரு பக்கம் தமிழு சொல்லுத. அவன் ஒரு பக்கம் மலையாளம் பறையுதான். பிள்ளை எதைப் பிடிக்கும்? குழம்பிப் போச்சாக்கும். அதான் வாய் தெறக்கல்ல.”

“அப்போ உங்க பிள்ளைக எப்பிடி மைனி பேசிச்சு? அதுகளும் இந்த ஊருலதானே வளந்துது?”

“எனக்க வீட்டுல நீரோடிக்காரி இல்லியே மக்களே.”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் ஷாஜி அதைப் பிடித்துக்கொண்டார். அங்கன்வாடியிலும் மலையாளம், நாளைக்குப் பள்ளிக்கூடத்திலும் மலையாளம். “இனி மோளிட்ட மலையாளம் மட்டும் பறைஞ்சாப் போதும். ஒண்ணு தெளியட்டு. பெறவு நீ உனக்க தமிழைப் படிப்பிச்சுக்கோ” என்றார்.

எனக்கு மலையாளம் தெரியும். பஸ்ஸில் கண்டக்டரிடம் வாதாடுகிற அளவுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மடியில் கிடக்கிற பிள்ளையைக் கொஞ்ச அது எனக்கு வரவில்லை. வாயைத் திறந்தால் தமிழ்தான் முதலில் வந்து நிற்கும், அதை விழுங்குவேன். மலையாளத்தில் என்ன சொல்லலாம் என்று யோசிப்பதற்குள் பிள்ளை வேறு பக்கம் பார்த்துவிடும். ஒரு மாதத்தில் நான் என் சொந்தப் பிள்ளையிடம் ஊமையாகிவிட்டேன். அவளுக்குச் சோறு ஊட்டும்போது வீட்டில் கடல் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றி எரிகிறது.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காற்று சரியில்லை என்று வள்ளம் நேரத்தோடே திரும்பிவிட்டது. அலீனா முற்றத்து மணலில், பாதைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஷாஜி வேலிக்கு வெளியில் இருந்தே “மோளே! மோளூ!” என்று கத்திக்கொண்டு வந்தார். கடலில் வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. நான் அடுக்களையில் இருந்து எட்டிப் பார்த்தேன். பிள்ளை திரும்பவில்லை. அவர் பின்னால் வந்து நின்று மறுபடி கூப்பிட்டார். அப்போதும் இல்லை. அவர் ஓரடி எடுத்து வைத்ததும் அவருடைய நிழல் சிப்பிகள் மேல் விழுந்தது. உடனே வெடுக்கென்று திரும்பி, துள்ளி எழுந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

அவர் பிள்ளையைத் தூக்கிச் சுற்றினார். அவள் எப்போதும் எதற்குத் திரும்புகிறாள் என்று அப்போதுதான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கதவு திறந்தால் வெளிச்சம் மாறும், திரும்புவாள். நான் நடந்து வந்தால் பலகைத் தரை அதிரும், திரும்புவாள். மறுநாள் ஷாஜி கடலுக்குப் போனபின் ஈயச்சட்டியும் கரண்டியும் எடுத்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அடித்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் சிப்பியை விட்டுத் தலை தூக்கவில்லை.

அன்று மாலையே சொன்னேன். ரீத்தா மைனி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “வாயைக் கழுவுடீ. பிள்ளைக்கு இல்லாத தீனத்தை உண்டாக்காதே. அது கதினாக்கே பேடிக்காத பிள்ளை!”

“அதான் மைனி நானும் சொல்லுதேன். ஏன் பேடிக்கல்ல?”

ஷாஜி எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

நெய்யாற்றின்கரையில் குழந்தை டாக்டரிடம் நான் தனியாகத்தான் கொண்டுபோனேன். இளம் வயதுப் பெண் டாக்டர். மலையாளத்தில் பேசினார், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். பேர் சொன்னால் திரும்புகிறாளா, விரலால் காட்டுகிறாளா, ஒரு பொருளை எடுத்து வந்து உங்களிடம் காட்டுகிறாளா, நீங்கள் பார்க்கிற இடத்தை அவளும் பார்க்கிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆறேழு மாதத்தில் பிள்ளை சத்தம் வரும் பக்கம் தலையைத் திருப்ப வேண்டுமாம். ஒரு வயதில் பேர் சொன்னால் தெரிய வேண்டும். ஒன்றரை வயதில் சில வார்த்தைகளாவது வர வேண்டும், இரண்டு வயதில் இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை கொஞ்சம் முந்தும், ஒன்று பிந்தும். ஆனால் வந்த மழலை நின்றுபோனால், பேர் சொல்லித் திரும்பாவிட்டால், “பார்க்கலாம்” என்று வீட்டில் இருக்கக் கூடாது என்றார்.

“வீட்டுல ரெண்டு பாஷை டாக்டர். அதனாலயா?” என்று கேட்டேன்.

“இரண்டு பாஷை கேட்டு எந்தப் பிள்ளைக்கும் பேச்சு நின்றுபோகாது. அதை விடுங்கள்.” பிறகு சொன்னார். “இது காதாக இருக்கலாம். ஆட்டிசமாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். முதலில் காதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சின்ன வயதில் மூளை சத்தத்துக்குப் பாதை போடுகிற காலம். சத்தமே போகவில்லை என்றால் பாதை தூர்ந்துவிடும். அதனால் சீக்கிரம்.”

பாதை தூர்ந்துவிடும் என்றதை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். கடல் எடுத்துப்போன எங்கள் ஊர்ப் பழைய ரோடுதான் கண்முன் வந்து நின்றது. அலீனா என் சங்கிலியைக் கடித்துக்கொண்டு ஜன்னலில் வேடிக்கை பார்த்தாள்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. காதுக்குள் மிளகு அளவு ஒரு முனையை வைத்து மெல்லிய சத்தம் அனுப்புவார்கள். உள்காது நன்றாக இருந்தால் அது திருப்பி ஒரு எதிரொலி தரும். இரண்டு காதிலும் வரவில்லை. சளி, நீர் கோத்திருந்தாலும் வராது, உறுதியாகச் சொல்ல முடியாது, பெரா செய்ய வேண்டும் என்று திருவனந்தபுரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெரா என்பது பிள்ளை தூங்கும்போது செய்கிற சோதனை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன வில்லைகள் ஒட்டி, காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் அனுப்பி, மூளைக்கு அது போய்ச் சேருகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். வலிக்காது. ஆனால் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். தேதி கிடைக்கப் பல வாரம் காத்துக் கிடந்தோம். அந்த நாள்களில் ஷாஜி வீட்டுக்குள் சத்தமே போடவில்லை. பிள்ளை தூங்கும்போது அவள் காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்ப்பார். என்னைக் கண்டால் கையை மறைத்துக்கொள்வார்.

சோதனை நாளில் விடியுமுன்பே பிள்ளையை எழுப்பிவிட வேண்டும், அங்கே போய்ச் சேரும்வரை கண்ணயர விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பாறசாலையில் காலை வண்டியைப் பிடித்தோம். நாகர்கோவில், குழித்துறைப் பக்கமிருந்து ஆபீசுக்குப் போகிறவர்கள் நிறைந்த பெட்டி. வண்டி ஆட ஆட அலீனாவுக்குக் கண் சொருகியது. தூங்கிவிட்டால் அங்கே போய்த் தூங்க மாட்டாள், தேதி போய்விடும். நான் பதறிப்போய் அவளை நிமிர்த்தி உட்கார வைத்தேன்.

எதிரே இருந்த அக்கா என்னவென்று கேட்டாள். ஏதோ தலையில் எடுக்கிற சோதனை, பிள்ளை தூங்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான், பெட்டியே எழுந்துவிட்டது. ஒருவர் கைதட்டினார். அந்த அக்கா சாவிக்கொத்தைக் குலுக்கினாள். வாசல் பக்கம் நின்ற ஆள் செல்போனில் பாட்டைச் சத்தமாக வைத்தார். “எலே, தூங்காதே! மோளே, இங்க பாரு!” என்று நாலு பக்கமும் குரல். ஷாஜிக்கு எதிரே நின்ற ஒருவர் விசில் அடித்தார்.

அலீனாவின் இமை மெதுவாக மூடிக்கொண்டே போனது.

நான் ஷாஜியைப் பார்த்தேன். அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை சத்தத்துக்கு நடுவில் எந்தப் பிள்ளையாவது தூங்குமா? சோதனை முடிவு அந்த ரயில் பெட்டியிலேயே எங்களுக்குக் கிடைத்துவிட்டது. எதிரே இருந்த அக்கா சாவியை வைத்துவிட்டு பாட்டில் தண்ணீரில் கையை நனைத்து அவள் உள்ளங்காலில் தடவினாள். பிள்ளை சிலிர்த்து விழித்துச் சிரித்தாள். “பாத்தியா, முழிச்சிட்டா!” என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஷாஜி எழுந்து கதவுப் பக்கம் போய் வெளியே பார்த்து நின்றார். தோள் குலுங்கியது. இறங்கும்வரை அந்த அக்காதான் உள்ளங்காலை நனைத்து நனைத்துக் கொண்டுவந்து சேர்த்தாள். அவள் பேர்கூடக் கேட்க மறந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நேர் எதிர்க் கூத்து. இப்போது தூங்க வேண்டும், பிள்ளை தூங்க மாட்டேன் என்கிறாள். தூக்க மருந்தில் பாதியை என் சேலையில் துப்பினாள். நர்ஸ் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் எல்லாம் தூங்கி, உள்ளே போய், வெளியே வந்துவிட்டன. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், இல்லாவிட்டால் வேறு தேதிதான் என்றார். மறுபடி பல வாரம்! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. மடியில் போட்டு ஆட்டினேன், நடந்தேன், முதுகில் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஷாஜி பிள்ளையை வாங்கி நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். வீட்டில் தூங்க வைக்கிறபோது எப்போதும் முனகுகிற ராகத்தை முனக ஆரம்பித்தார். வார்த்தையே இல்லாத ஒரு முனகல். அவள் கன்னத்தை அவர் நெஞ்சில் அழுத்தி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்து தொங்கியது. நான் மூச்சு விடாமல் நர்ஸுக்குக் கை காட்டினேன்.

உள்ளே இருட்டறை மாதிரி ஒரு சின்ன அறை. வில்லைகளை ஒட்டினார்கள். திரையில் கோடுகள் ஓடின. சோதனை செய்த பெண் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் போனாள் என்பது அவள் விரலைப் பார்த்தே தெரிந்தது. கோட்டில் மேடு வந்தால் மூளைக்குச் சத்தம் எட்டியது என்று அர்த்தமாம். நான் மேடு வருமா என்று கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டையாகவே போனது. கூட்டினாள், தட்டை. இன்னும் கூட்டினாள், தட்டை. ரொம்பக் கூட்டியபிறகு சின்னதாக ஒரு அசைவு வந்தது. மாதாவே என்று என் வாயில் இருந்து சத்தமாகவே வந்துவிட்டது.

டாக்டர் பிறகு கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு காதிலும் கடுமையான கேட்புக் குறைவு. முழுக்க இல்லாமல் இல்லை, மிச்சம் கொஞ்சம் உண்டு. பிள்ளை கண்ணைப் பார்த்துப் பழகுவதையும் விரலால் காட்டுவதையும் வைத்துப் பார்த்தால் மற்ற விஷயங்கள் நல்லபடியாகத் தெரிகின்றன, ஆனாலும் கவனித்துக்கொண்டே இருப்போம் என்றார். முதலில் காது மிஷின் வைத்துச் சில மாதம் பயிற்சி. அதில் போதுமான சத்தம் போகவில்லை என்றால் உள்காதில் கருவி வைக்கிற அறுவை சிகிச்சை. “பேடிக்கண்டா” என்றார், பயப்படாதீர்கள் என்று. அறுவை என்ற சொல்லைக் கேட்டபின் பயப்படாமல் எப்படி இருப்பது?

ஷாஜி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “டாக்டரே, நான் பாடுனா அவ தூங்குவாளே? இப்பமும் அப்பிடித்தானே தூங்கினா? அது கேக்காமலா?”

டாக்டர் சொன்னார். “உங்கள் நெஞ்சு அதிர்வது அவளுக்குத் தெரிந்திருக்கும். அதுதான் அவளுக்குப் பாட்டு.”

வெளியே வராந்தாவில் வந்து உட்கார்ந்தோம். கடலில் புயலைக் கண்டவர், அந்த மனிதர் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை மாதம் என் வாயைக் கட்டிப்போட்டார்கள்! அவள் காதுக்குள் தமிழும் போகவில்லை, மலையாளமும் போகவில்லை. நான் எந்தப் பாவத்துக்கு ஊமையாக இருந்தேன்? அதை அப்படியே அவரிடம் கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவர் தலைகுனிந்து, “சொல்லு, இன்னும் சொல்லு” என்றார். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.

தலை நிமிர்ந்தால் எதிரே ரீத்தா மைனி. கையில் தூக்குவாளி. யாரும் கூப்பிடாமல் அடுத்த வண்டியில் ஏறி, வாய்க்கு வாய் வழி கேட்டு வந்திருக்கிறாள். நான் கத்தியதை முழுக்கக் கேட்டுவிட்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றில் மீன்கறியைப் பிசைந்து எனக்கு ஊட்டினாள். “தின்னு மக்களே. காலையில இருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்ட. எரிவு கொறைச்சுத்தான் வச்சேன்.” நான் அழுதுகொண்டே தின்றேன். நல்ல எரிவுதான் இருந்தது.

மிஷின் விலையைச் சொன்னபோது ஷாஜி, இது வள்ளத்து எஞ்சின் விலை போலல்லவா இருக்கிறது என்றார். அரசு உதவிக்கு எழுதிக் கொடுத்தோம். அது வரும்வரை பிள்ளையின் மூளை காத்திருக்காது என்பதால் என் வளையல்கள் போயின. அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்தில் அவளைச் சேர்த்தோம்.

முதல்நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் என்னிடம் கேட்டாள். “வீட்டில் எந்த பாஷை பேசுவீர்கள்?” எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. எதைச் சொன்னாலும் குற்றமாகும் என்று பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டு, “சரி, சண்டை வந்தால் எந்த பாஷையில் போடுவீர்கள்?” என்றாள்.

“தமிழ்தான்” என்று ஷாஜி முந்திக்கொண்டு சொன்னார். “நல்லா போடுவா.”

“அப்போ அதிலேயே பேசுங்கள். உங்களுக்குத் தானாக வருகிற பாஷையில் பேசினால்தான் நிறையப் பேசுவீர்கள். குளிப்பாட்டும்போது, ஊட்டும்போது, துணி மடிக்கும்போது, வாய் ஓயக் கூடாது. அப்பா மலையாளத்தில் பேசட்டும், அதுவும் நல்லதுதான்.”

வாய் ஓயாமல் பேசு என்று என்னிடம் ஒருத்தர் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஆனால் மிஷின் வைத்தால் உடனே பிள்ளை திரும்பும் என்று நினைத்தேன் பாருங்கள், அது நடக்கவில்லை. கண்ணாடி போட்டால் தெரிவது மாதிரி இல்லை இது. சத்தம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைக்கு அது என்னவாக இருந்ததோ, யாருக்குத் தெரியும்! வைத்தால் பிடுங்குவாள். மணலில் வீசுவாள். ஒருதடவை கோழி கொத்திக்கொண்டு போக, ரீத்தா மைனி அதைத் துரத்திக்கொண்டு ஓடியதை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது, அன்று சிரிக்கவில்லை. தினமும் பயிற்சி. முதுகுக்குப் பின்னால் மேளம் தட்டி, அவள் காதைத் தொட்டுக் காட்டி, “கேட்டுதா? சத்தம் கேட்டுதா?” என்று நான் கேட்பேன். ரீத்தா மைனியும் வந்து உட்கார்ந்து, மீனின் பேரெல்லாம் தமிழில் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். சில நாள் திரும்பியது போல இருக்கும். மறுபடி தட்டினால் இல்லை. மாதங்கள் போயின. அடுத்த தடவை பார்க்கும்போது மிஷின் போதுமா, அறுவையா என்று முடிவு செய்வோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்குள் மறுபடி திருவிழா வந்துவிட்டது.

மிஷின் வைத்த பிள்ளையை வெடிச் சத்தத்துக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது, முன்பே கழற்றிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கொடியேற்றத் தொடங்கியதும் கழற்றலாம் என்று கோயிலை விட்டுத் தள்ளி, கடற்கரைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அலீனா என் காலடியில் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். முதுகு கோயில் பக்கம். ஷாஜி கொஞ்சம் எட்ட நின்றார். எங்களுக்குக் கொடிமரம் தெரியவில்லை. ஆட்கள் அவசரப்பட்டார்களோ என்னவோ, நான் குனிவதற்குள் முதல் கதினா வெடித்துவிட்டது.

அலீனா தூக்கிவாரிப் போட்டது போல எழுந்தாள். கையில் இருந்த மணல் கொட்டியது. திரும்பிக் கோயில் பக்கம் பார்த்தாள். உதடு பிதுங்கியது. பிறகு தொண்டை கிழிய ஒரு அலறல் அலறி, ஓடிவந்து என் சேலைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். உடம்பெல்லாம் நடுங்கியது.

ஷாஜி கூட்டத்துக்குள் ஓடினார். போன வருஷம் பிடித்து இழுத்த அதே ஆட்களின் கையைப் பிடித்து இழுத்தார்.

“மோளு பேடிச்சிட்டா! ஓய், எனக்க மோளு பேடிச்சிட்டா!”

பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று சிலர் பார்த்தார்கள். விஷயம் தெரிந்த ரீத்தா மைனி முழங்கால் போட்டுத் தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் அவசர அவசரமாக இரண்டு மிஷினையும் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி அலைக்கரைக்கு ஓடினேன். பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது. அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை அல்லவா, பழைய அமைதி வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். கோயில் பக்கம் புகையைப் பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. மாதக்கணக்காகப் பிடுங்கி எறிந்த பிள்ளை, என் மூடிய கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பிரிக்க ஆரம்பித்தாள். நான் இறுக்கிப் பிடித்தேன். அவள் கோபத்தில் என் விரலைக் கடித்தாள்.

வெடி ஓயும்வரை கடியைத் தாங்கிக்கொண்டு நின்றேன். ஓய்ந்ததும் மணலில் உட்கார்ந்து, அவள் தலையைச் சாய்த்து, இரண்டு காதிலும் வைத்துவிட்டேன். பிடுங்கவில்லை. அசையாமல் காத்திருந்தாள்.

“மக்களே,” என்றேன், தமிழில், அவள் தலைக்குப் பின்னால் இருந்து. “இன்னும் வேணுமா?”

அவள் திரும்பிப் பார்த்தாள்.